காரைக்குடி மெஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்

கொப்புடையம்மன் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சின்ன மெஸ் இது. ஒரு குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. மொத்தமே எட்டு மேசை, இலைச் சாப்பாடு மட்டும். நான் போனது 2025 ஆகஸ்ட் 24.

முதலில் சாப்பாடு. வெண்டைக்காய் மண்டிக்காகவே இன்னொரு தடவை போவேன். அரிசி களைந்த கெட்டித் தண்ணீரில் வைத்தது, சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடந்தன. பல இடங்களில் மண்டி என்று கேட்டால் புளிக்குழம்பைத்தான் ஊற்றுகிறார்கள். கோழி மிளகு வறுவலில் கல்பாசி கொஞ்சம் தூக்கல். நண்டு ரசம் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினேன். கவுனி அரிசி தீர்ந்துபோயிருந்தது.

இலைக்கு நேர் எதிரே சுவரில் டிவி, செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சத்தை அளந்து சொல்லும் ஐ.பி.சி. அமைப்பு, காசா நகரப் பகுதியில் பஞ்சம் வந்துவிட்டது என்று 22ஆம் தேதிதான் அறிவித்திருந்தது. அதைச் சொல்லிக்கொண்டே ஒரு குழந்தையைக் காட்டினார்கள். தாயின் தோளில் சாய்ந்திருந்தது. முதுகெலும்பு மணி மணியாக எண்ணுகிற மாதிரி தெரிந்தது. முழங்கை மூட்டு, கையைவிடப் பெரிதாக இருந்தது.

"சேனலை மாத்துப்பா, சோறு இறங்கலை" என்றார் மூலையில் இருந்த பெரியவர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்துக்கு முன்னால் சோறு இறங்காமல் போவதுதான் மனுஷத்தன்மை. என்னால் தாங்க முடியாதது பக்கத்து மேசைக்காரர் சொன்னதுதான். "அம்மாக்காரி நல்லாத்தானே இருக்கா, பிள்ளை மட்டும் எப்படி இப்படி ஆகும்? ஏற்கெனவே ஏதோ வியாதியாம். எல்லாம் செட்டப்பு."

நான் 28 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். எச்சில் கையோடு அவர் பக்கம் திரும்பினேன். "தம்பி, பிள்ளைகளோட மேல்கையில நாடா சுத்தி அளப்போம். ஆறு மாசத்துக்கு மேல, அஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைக்குப் பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே போனா சிவப்பு, அதாவது கடுமையான சத்துக்குறைவு. உங்க கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமா சேத்துப் பாருங்க, அந்தக் கை அதுக்குள்ள அடங்கிரும்."

வளர்கிற உடம்புக்கு எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிட அதிகச் சாப்பாடு வேண்டும், சேமிப்போ கொஞ்சம்தான். அதனால்தான் தாய்க்கு முன்னால் பிள்ளை உருகுகிறது. அதிலும் நோயுள்ள பிள்ளைதான் முதலில் சாயும். தனிப் பாலும் மருந்தும் கிடைத்தால்தான் அது தேறும். வியாதி இருந்ததால் பட்டினி பொய்யாகிவிடுமா? இதையெல்லாம் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: அந்த மாதிரிப் படங்களை எடுத்து அனுப்புகிறவர்களே பட்டினி. காசாவில் இருக்கும் தங்கள் ஆட்களுக்கே சாப்பாடு கிடைக்கவில்லை என்று ஏ.எஃப்.பி., ஏ.பி., பிபிசி, ராய்ட்டர்ஸ் ஆகிய நான்கு செய்தி நிறுவனங்களும் ஜூலையில் சேர்ந்தே அறிக்கை விட்டன.

அவர் பதில் பேசவில்லை. விரலை வளையமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் பரிமாறும் பையன் சேனலை மாற்றிவிட்டான். பாட்டு ஓடியது. என் குறை இதுதான். செய்தி வைத்தால் முழுசாக ஓடவிட வேண்டும், இல்லையென்றால் சாப்பாட்டு நேரத்தில் டிவியே வேண்டாம். அந்தப் பிள்ளையின் முகத்தை மட்டும் காட்டிவிட்டு, அங்கே என்ன நடக்கிறது என்பதை வெட்டிவிட்டால், செட்டப்பு என்று பேசத்தான் இடம் கிடைக்கும்.

மற்றபடி இலை சுத்தம், தண்ணீர் சுத்தம். கூட்டமாக இருந்தாலும் யாரும் விரட்டவில்லை.

கல்லாவில் காசு கொடுக்கும்போது மெஸ் நடத்தும் ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்படியிலிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார். "டீச்சர், அந்தப் பிள்ளைக்கு இப்ப என்ன கொடுக்கணும்? கஞ்சியா?"

ஒரேயடியாக ஊட்டினால் அந்த உடம்பு தாங்காது என்றேன். ரொம்ப முடியாத பிள்ளைக்கு மருத்துவமனையில் வைத்துப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பார்கள். பசி எடுக்கிற பிள்ளைக்கு ஒரு பாக்கெட் வருகிறது, 92 கிராம், 500 கலோரி. நிலக்கடலையை அரைத்து, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், சத்துப்பொடி சேர்த்தது. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், பிய்த்து அப்படியே வாயில் வைக்கலாம்.

"கடலையா?" என்றார் ஆச்சி. "நம்ம கடலையா டீச்சர்?"