துணி குரோ பேக்: எலுமிச்சைக்கு ஓகே, புதினாவுக்கு வேண்டாம்

குரோ பேக், அதாவது தொட்டிக்குப் பதிலா செடி வளர்க்கிற பை, கைப்பிடி வச்ச கறுப்பு துணில, அகலம் உயரம் 12க்கு 12 இன்ச்ல கொஞ்சம், 15க்கு 15ல கொஞ்சம் வாங்கி ஒரு முழு சீசன் தாண்டிடுச்சு, அதனால பார்சல் பிரிச்ச அன்னைக்கே அஞ்சு ஸ்டார் போடுற ரிவ்யூ இல்ல இது. பிராண்ட் பேர் போடல, இந்த வகை பை எதை வாங்கினாலும் முக்காவாசி விஷயம் பொருந்தும்.

நல்லத முதல்ல சொல்லிடறேன். பிளாஸ்டிக் தொட்டில செடி கொஞ்சம் பெருசானதும் வேர் சுவத்துல முட்டி சுத்திக்கிட்டே வளரும், கவுத்துப் பாத்தா மண்ணே தெரியாது, வேர் தான் சுருண்டு கிடக்கும். துணில வேர் நுனி ஓரத்துக்கு வந்து காத்து பட்டதும் காய்ஞ்சு நின்னுடும், பின்னாடி இருந்து பக்கவேர் கிளம்பும், ஏர் ப்ரூனிங்னு சொல்றாங்களே அது இது தான். விளம்பரம்னு தான் நினைச்சேன், ஆனா எலுமிச்சைய பெரிய பைக்கு மாத்தறப்போ பழைய பையோட பக்கவாட்ட கத்திரிக்கோலால வெட்டி விரிச்சா மண்ணு பூரா மெல்லிசு மெல்லிசா வெள்ளை வேர், ஓரத்துல சுத்தினது ஒண்ணு கூட இல்ல. மாத்தி வச்சதுக்கப்புறம் இலையும் உதிரல. அதே மாதிரி ரோஸ்மேரி, அது வேர்ல ஈரம் நின்னாலே செத்துப் போற ஜாதி, இந்த பைல தண்ணி தேங்கவே வழியில்லாததால ஜம்முனு இருக்கு.

இப்போ தலைவலிக்கு வரேன். காத்து உள்ள போற வழியாவே ஈரமும் வெளிய போகும்ல, பிளாஸ்டிக் தொட்டில ஒரு வேளை ஊத்தினா போதும்ங்கிற வெயிலுக்கு இதுல காலைலயும் சாயங்காலமும் ஊத்தணும். மண்ணோட கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) நிறைய கலந்திருந்தா இன்னும் மோசம், ஒரு தடவை நல்லா காய்ஞ்சிடுச்சுன்னா மண்ணு சுருங்கி துணிய விட்டு விலகிடும், அப்புறம் பூவாளில எவ்ளோ ஊத்தினாலும் அந்த இடுக்கு வழியா சர்ருனு கீழ ஓடி தரை தான் நனையும், நடுவுல விரல விட்டா பொடி மாதிரி காய்ஞ்சே இருக்கும். அந்த மாதிரி ஆனா பைய அப்படியே தண்ணி நிரப்பின டப்ல அரை மணி நேரம் உக்கார வைங்க, கீழ இருந்து உறிஞ்சிக்கும், மேல இருந்து ஊத்தி பிரயோஜனம் இல்ல.

தக்காளில இது வேற மாதிரி வந்து நிக்கும். காயோட அடிப்பக்கம், பூ இருந்த இடத்துல, கறுப்பா தோல் மாதிரி அமுங்கிப் போகுதுல்ல, அத பாத்தவுடனே எல்லாரும் கால்சியம் கால்சியம்னு முட்டை ஓட்ட தூக்கிட்டு ஓடுவாங்க. பெரும்பாலும் மண்ணுல கால்சியம் இருக்கும், அது தண்ணியோட தான் காய்க்குப் போகணும், மண்ணு ஒரு நாள் காய்ஞ்சு ஒரு நாள் சொதசொதன்னு இருந்தா காய்க்கு சரியா போய் சேராது. சின்ன துணி பைல இந்த ஏத்த இறக்கம் ஜாஸ்தி. அதனால தக்காளிக்கு 15 இன்ச்சுக்கு குறைஞ்சு போகாதீங்க, 12 இன்ச் பைல கிட்டத்தட்ட 22 லிட்டர் மண்ணு, 15 இன்ச்ல 43 லிட்டர், பாக்க மூணு இன்ச் தான் வித்தியாசம், கொள்ளளவு டபுள். மேல காய்ஞ்ச இலைச் சருகு ரெண்டு இன்ச் பரப்பி விட்டா இன்னும் நல்லது.

புதினா, கீரை இதுக்கெல்லாம் இந்த பை தேவையே இல்ல. புதினாவுக்கு ஈரம் வேணும், மத்தியானம் ஆனா தலைய தொங்கப் போட்டுடும், அகலமான பிளாஸ்டிக் டப்பே போதும். கொத்தமல்லியும் அப்படித்தான்.

தையல் பத்தி. கைப்பிடி போட்டிருக்காங்களேன்னு ஈர மண்ணோட ஒத்தை ஆளா தூக்கிடாதீங்க, 15 இன்ச் பை நனைஞ்சா 50 கிலோ கிட்ட கூட வரலாம், எனக்கு வந்ததுல ஒரு கைப்பிடி தையல் விட்டு தொங்குது. துணியும் வெயில் படற பக்கம் மட்டும் மேல் விளிம்பு நகத்தால கீறினா நார் நாரா வருது. பாலிப்ரொப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக் தானே, யூவி (வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிர்) தாங்குற மாதிரி செய்யலன்னா வெயில்ல இப்படித்தான் ஆகும், அந்த நார் மண்ணுலயும் விழுது, அது எனக்குப் பிடிக்கல. வெளிப்பக்கம் வெள்ளையா பூத்துப் போறது வேற, அது தண்ணியிலயும் உரத்துலயும் இருக்கிற உப்பு, பயப்பட ஒண்ணுமில்ல, பிரஷ் போட்டா போயிடும். அடியில மட்டும் ரெண்டு செங்கல் வைங்க, இல்லன்னா தரையில கறை பிடிக்கும், மண் தரையா இருந்தா வேர் துணிய துளைச்சு கீழ இறங்கிடும்.

அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். எலுமிச்சை, அத்தி, மிளகாய், கத்திரி, ரோஸ்மேரிக்கு திரும்ப வாங்குவேன், அதுவும் பெரிய சைஸ்ல மட்டும். தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்த ஆள் இல்லன்னா கூடவே டைமரோட சொட்டு நீர் டியூப் போட்டுடுங்க. ஆர்டர் போடறதுக்கு முன்னாடி ஜிஎஸ்எம் எவ்ளோ, யூவி ட்ரீட் பண்ணதான்னு கேளுங்க, ஜிஎஸ்எம்ங்கிறது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, அது கூட சொல்லத் தெரியலன்னா வேற கடை பாருங்க.