‘எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ்’ ஸ்டுடியோவா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

சென்னையில் சிங்கிள் (தனிப் பாட்டு) ரெக்கார்ட் செய்யப் போகும் வெளியூர் பேண்டுகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் மதுரைக்காரர்கள். கிதார், பேஸ், டிரம்ஸ், பறை, பாட்டு என்று ஐந்து பேர். முதல் பாட்டை வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்தோம். இப்போது பாட்டும் எங்கள் கையில் இல்லை, கட்டிய பணமும் போச்சு.

ரெக்கார்டிங், மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சமன்செய்து சேர்ப்பது), மாஸ்டரிங் (கடைசி மெருகு), ரிலீஸ் எல்லாம் சேர்த்து ரூ. 45,000 என்று விளம்பரம். படத்தில் பெரிய கன்சோல், டிரம்ஸுக்குத் தனி அறை. ரூ. 25,000 முன்பணம் அனுப்பிவிட்டு பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய் இறங்கினால், காட்டியது வேறு இடம். வீட்டு ஹால் ஒன்றில் சுவர் முழுக்க ஃபோம் ஒட்டியிருந்தார்கள். “அந்த ரூம்ல சினிமா வேலை போகுது தம்பி, இதுலயும் சவுண்டு அப்படியேதான் வரும்” என்றார் இன்ஜினியர். எப்படி வரும்? ஃபோம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அவ்வளவுதான். தெருவில் போன ஆட்டோ ஹாரன் எல்லாம் பாடும் மைக்கில் விழுந்தது.

பறைக்கு நடந்ததுதான் கொடுமை. தோலைக் காய்ச்சினால்தான் ஓசை ஏறும். எங்கள் பேண்டில் பறை வாசிக்கும் அக்கா மொட்டை மாடியில் பழைய பேப்பரைக் கொளுத்திக் காய்ச்சிக்கொண்டு வருவார், இன்ஜினியர் போன் பேசி முடிப்பதற்குள் ஏசியில் தோல் ஆறிவிடும், மறுபடியும் மாடி. மைக்கில் ஒலி எவ்வளவு சத்தமாக ஏறுகிறது என்று லெவல்கூடப் பார்க்காமல் பதிவைத் தொடங்கினார்கள். அடிக்கு அடி மீட்டர் சிவப்பில் போய் முட்டியது. சொன்னால், “மிக்ஸ்ல பாத்துக்கலாம்.” பதிவிலேயே உடைந்த ஒலியை எந்த மிக்ஸிலும் முழுசாக மீட்க முடியாது.

ஹெட்போனில் தன் அடி தாமதமாகக் கேட்கிறது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். எட்டிப் பார்த்தால் திரையில் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து வைத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை; கூடினால் தாமதமும் கூடும்) 1024. 44.1 கிலோஹெர்ட்ஸில் அதுவே சுமார் 23 மில்லிசெகண்ட். ஒலி உள்ளே போய் வெளியே வரும்போது இன்னும் கூடும். 128க்கு இறக்கிப் பார்த்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, “உங்க கைதான் லேட்டு” என்றார்கள். சின்ன வயதிலிருந்து பறையடித்து வளர்ந்தவரிடம் பேசுகிற பேச்சா அது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாக்கியையும் வாங்கிக்கொண்டு அப்புறம் அனுப்பியது வெறும் எம்பி3. அதில் பறை ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. அடிக்குச்சிக்கும் சிண்டுக்குச்சிக்கும் வித்தியாசமே இல்லை. அக்கா ஒரு தடவை கேட்டுவிட்டு, “இது என் அடி இல்ல” என்று போனை வைத்துவிட்டார். அவர் வாசித்ததைத் தூக்கிவிட்டு சாம்பிளை, அதாவது முன்பே பதிந்து வைத்த வேறொரு பறை ஒலியை, போட்டிருக்கிறார்கள்.

சரி, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிந்த ட்ராக்குகளைக் கொடுங்கள், வேறு இடத்தில் மிக்ஸ் செய்துகொள்கிறோம் என்றோம். “மல்ட்டிட்ராக் ஸ்டுடியோ சொத்து” என்று அந்த ட்ராக்குகளுக்குத் தனியாக ரூ. 15,000 கேட்டார்கள். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே பாட்டை அவர்கள் லேபிள் பெயரில் ரிலீஸ் செய்துவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. எங்கள் சேனலில் இருந்த ஒத்திகை வீடியோவில் பின்னால் அந்த மிக்ஸ் ஓடுகிறது என்று யூடியூபில் எங்கள் மேலேயே கன்டென்ட் ஐடி க்ளெய்ம் (யூடியூப் தானாகக் கண்டுபிடித்து எழுப்பும் உரிமைக் கோரிக்கை) வந்தது.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவரையே தயாரிப்பாளர் என்கிறது. பணம் கட்டி இந்தப் பாட்டைப் பதிவு செய்யவைத்தது நாங்கள்தான். 19ஆம் பிரிவின்படி, எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உரிமை கைமாறாது. நாங்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. இதைச் சொல்லித்தான் க்ளெய்மை எதிர்த்திருக்கிறோம். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள்.

நீங்கள் போகும் இடத்தில், எந்த அறையில் பதிவு, மல்ட்டிட்ராக் யாருக்கு, உரிமை யாருக்கு என்பதை முன்பணத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் கொண்டுபோங்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனி 24 பிட் வேவ் கோப்புகள் (எம்பி3 மாதிரி சுருக்காத ஒலிக்கோப்பு), எல்லாம் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து, உங்கள் டிஸ்க்கில் ஏறிய பிறகு பாக்கியைக் கொடுங்கள். ரிலீஸை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். விநியோகக் கணக்கு (பாட்டை ஆன்லைன் தளங்களில் ஏற்றும் கணக்கு) பேண்டின் பெயரில்தான் இருக்க வேண்டும்.

மதுரையிலேயே பறையை மறுபடி பதிவு செய்யப் போகிறோம். நல்ல அறையும், தோல் காய்ச்சும்வரை பொறுத்திருக்கும் இன்ஜினியரும் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.