மாதம் 589 டாலர் கட்டியும் 41,260 டாலர் பில்: அமெரிக்காவில் "மலிவு பிபிஓ" ஹெல்த் இன்சூரன்ஸ் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள்

41,260 டாலர். இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நம்பி மாதாமாதம் 589 டாலர் கட்டிவந்த எங்கள் தலையில், பையனின் ஒரே ஒரு அப்பென்டிக்ஸ் ஆபரேஷனுக்காக விழுந்திருக்கும் மீதித் தொகை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எல்லாரையும் போல நானும் "போனது போகட்டும்" என்று இருந்துவிடுவேன். விற்றவர்களின் பெயரைப் போடவில்லை. இந்தக் கடனோடு வக்கீல் நோட்டீஸும் சேர்ந்தால் தாங்காது. இன்சூரன்ஸ் விலைகளை ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லும் ஒரு வெப்சைட், அதற்குப் பின்னால் ஒரு கால் சென்டர், அவ்வளவுதான். இதே மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

முதலில், இந்த வருடம் இந்தக் கூட்டத்துக்கு ஏன் அறுவடைக் காலம் என்று சொல்ல வேண்டும். மார்க்கெட் பிளேஸ் என்ற அரசாங்கச் சந்தையில் இன்சூரன்ஸ் வாங்குபவர்களுக்கு 2021-ல் வந்து 2022-ல் நீட்டிக்கப்பட்ட கூடுதல் பிரீமியம் மானியம் 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துபோனது. அதற்காகத்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசாங்கத்தையே இழுத்து மூடினார்கள். திறந்தபோது மானியம் மட்டும் திரும்பவில்லை. ஒரு கட்சி "போராடினோம்" என்றது, இன்னொரு கட்சி "வென்றோம்" என்றது, பில் மட்டும் நம் வீட்டுக்கு வந்தது. இப்போது பழைய வரம்பு திரும்பிவிட்டது: வருமானம் வறுமைக் கோட்டின் 400 சதவீதத்தைத் தாண்டினால் மானியம் ஒரு டாலர்கூடக் கிடையாது. 2026-க்கு நால்வர் குடும்பத்துக்கு அந்தக் கோடு 128,600 டாலர், தனி ஆளுக்கு 62,600.

டெக்சஸில் சொந்தத் தொழில் செய்து வருடம் 132,000 டாலர் கணக்குக் காட்டும் எங்களைப் போன்ற நால்வர் குடும்பம் அந்தக் கோட்டை 3,400 டாலரில் தாண்டுகிறது. போன வருடம் வருமானத்தில் 8.5 சதவீதம், அதாவது மாதம் 935 டாலரில் கிடைத்த நடுத்தர ரகமான சில்வர் பிளான், ஜனவரியில் 2,180 ஆனது. இந்தத் திகைப்பில் யாரும் செய்வது "குறைந்த விலை ஹெல்த் இன்சூரன்ஸ்" என்று தேடுவதுதான். தேடினால் மேலே வருவது அரசாங்கத்தின் ஹெல்த்கேர் டாட் கவ் அல்ல, விளம்பரம். ஜிப் கோடு, பிறந்த தேதி, போன் நம்பர் கேட்கும். நம்பரைக் கொடுத்த மறு நிமிடம் போன் அடிக்கும். அந்தத் தளத்துக்கு இன்சூரன்ஸோடு ஒரு சம்பந்தமும் இல்லை, நம்பரை விற்பதுதான் அதன் தொழில்.

நம்பிக்கை எங்கே விழுந்தது என்று சொல்கிறேன், கவனியுங்கள். முதலில் பேசியவன் அமெரிக்க ஆங்கிலம். பெயரைக் கேட்டதும் "ஒரு நிமிஷம்" என்று லைனை மாற்றினான். அடுத்து வந்த குரல் தமிழ். "அக்கா, நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு நான்தான் போட்டுக் கொடுத்திருக்கேன். மார்க்கெட் பிளேஸ்ல போய் ரெண்டாயிரம் கட்டுறது வேஸ்ட்க்கா. இது பிபிஓ, எந்த டாக்டர்கிட்டயும் போகலாம், டிடக்டிபிளே இல்ல." டிடக்டிபிள், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் நம் கையிலிருந்து போகும் தொகை, இல்லை என்றது பொய்யில்லை. அதில்தான் சூது இருக்கிறது. முழுச் செலவையும் ஏற்காத பிளானுக்கு டிடக்டிபிள் எதற்கு?

வீட்டில் யாருக்காவது சுகர், பிபி, இதய நோய், புற்றுநோய் இருந்ததா என்று கேட்டார்கள். அக்கறையாகக் கேட்பது போலத்தான் இருந்தது. ஆனால் 2014-லிருந்து ஏசிஏ (ஒபாமாகேர்) பிளான் எதுவும் பழைய வியாதியைப் பார்த்து ஆளை மறுக்கவோ விலை ஏற்றவோ முடியாது. வயது, ஊர், எத்தனை பேர், புகையிலைப் பழக்கம் இவை மட்டும்தான் விலையைத் தீர்மானிக்கும். விலை சொல்ல உங்கள் வியாதியைக் கேட்கிறான் என்றால் அவன் விற்பது உண்மையான காப்பீடு அல்ல, போனை வைத்துவிடலாம்.

கார்டு நம்பரை வாங்கியபின் "வெரிஃபிகேஷன்" என்று வேறு ஒருவரிடம் மாற்றினார்கள். "அவங்க கட கடன்னு படிப்பாங்க, எல்லாத்துக்கும் எஸ் சொல்லுங்கக்கா, லீகல் ஃபார்மாலிட்டிதான். நடுவுல கேள்வி கேட்டா சிஸ்டம் ஆரம்பத்துல இருந்து போகும்." அந்த கட கடவில்தான் "இது முழுமையான மருத்துவக் காப்பீடு அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்" என்ற வரி இருக்கிறது. முன்னால் நடந்த விற்பனைப் பேச்சு எங்கேயும் கிடைக்காது, இந்தப் பகுதி மட்டும் பத்திரமாக இருக்கும். கூடவே போனுக்கு ஒரு லிங்க், விரலால் தேய்த்துக் கையெழுத்து. முதல் மாதம் 589, சேர்க்கைக் கட்டணம் 150.

விற்றது ஃபிக்ஸட் இன்டெம்னிட்டி பிளான். ஒவ்வொரு நிகழ்வுக்கும் இவ்வளவு என்று எழுதி வைத்த தொகையைத் தரும். பில் எவ்வளவு என்பது அதற்குக் கவலையே இல்லை. டாக்டரைப் பார்த்தால் 75 டாலர், எமர்ஜென்சி ரூமுக்கு 150, ஆபரேஷனுக்கு 1,000, மயக்க மருந்துக்கு 250, ஆஸ்பத்திரியில் தங்கினால் நாளுக்கு 1,000. இந்த அட்டவணை முப்பது பக்க பிடிஎஃப்பின் கடைசியில். முன்பக்கத்தில் ஒரு "சங்கத்தின்" உறுப்பினர் அட்டை, பிபிஓ லோகோ, கண்ணாடி வாங்கத் தள்ளுபடி, ஜிம் தள்ளுபடி. இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கான மத்திய அரசின் அபராதம் 2019-லிருந்து பூஜ்யம் என்பதால், வரி கட்டும்போதும் "உன்னிடம் இன்சூரன்ஸே இல்லையப்பா" என்று சொல்ல ஆள் இல்லை.

பில்லைப் பாருங்கள். ஆஸ்பத்திரி 36,900. அதில் எமர்ஜென்சி லெவல் 5 (உச்சக் கட்டணப் படி), பில்லிங் கோடு 99285. வயிற்று சிடி ஸ்கேன், கோடு 74177. ஆபரேஷன் தியேட்டர், மருந்து எல்லாம் அடக்கம். சர்ஜன் 3,400, லேப்ராஸ்கோப்பியில் குடல்வால் எடுத்ததற்கு, கோடு 44970. மயக்க மருந்து டாக்டர் 1,900. ஸ்கேன் படித்த ரேடியாலஜிஸ்ட் 460. மொத்தம் 42,660.

அட்டவணைப்படி பார்த்தாலும் 2,400 வந்திருக்க வேண்டும். வந்தது 1,400. ராத்திரி படுத்திருந்ததற்கான 1,000 எங்கே என்று கேட்டால், "இன்பேஷன்ட் இல்லை, அப்சர்வேஷன்" என்கிறார்கள். அதே கட்டில், அதே சலைன், அதே நர்ஸ். ஆனால் ஆஸ்பத்திரி அதை "அப்சர்வேஷன்" என்று பதிந்திருந்தால் அது வெளிநோயாளிக் கணக்கு; தங்கிய நாளுக்கான காசு கிடையாது. சிக்கலில்லாத அப்பென்டிக்ஸ் கேஸை இப்படிப் பதிவது இங்கே சர்வசாதாரணம். இது தெரிந்துதான் அந்த அட்டவணையைப் போட்டிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். மீதி 41,260 டாலர் நம் பொறுப்பு.

எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்க 2022-ல் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் காப்பாற்றாதா என்று சிலர் கேட்டார்கள். காப்பாற்றாது. இந்த வகை பிளான்கள் அந்தச் சட்டத்துக்கு வெளியே.

பிறகு நடந்தது முழுக்கத் தட்டிக்கழிப்பு. விற்ற தமிழ்க் குரலின் நம்பர் இப்போது "பயன்பாட்டில் இல்லை". கஸ்டமர் சர்வீஸ் சொன்னது: "மேடம், இது இன்சூரன்ஸ் இல்லை, பெனிஃபிட். நாங்கள் மெம்பர்ஷிப் மட்டும்தான் பார்க்கிறோம்." அவர்கள் கைகாட்டிய கிளெய்ம் அலுவலகம்: "நாங்கள் பணம் பட்டுவாடா செய்பவர்கள், விற்றது யார் என்று எங்களுக்குத் தெரியாது." பாலிசியில் பெயர் இருக்கும் கம்பெனி: "ஏஜென்ட் எங்கள் ஊழியர் அல்ல. நீங்கள் ஒப்புக்கொண்ட ஒலிப்பதிவு இருக்கிறது, கேட்கிறீர்களா?" போட்டும் காட்டினார்கள். எஸ், எஸ், எஸ். அதற்கு முன் "டிடக்டிபிளே இல்லக்கா" என்று சொன்ன பகுதியைப் போடுங்கள் என்றால் "அது எங்கள் சிஸ்டத்தில் இல்லை." மூன்று இடம், மூன்று டிக்கெட் நம்பர், ஒரே 41,260 டாலர்.

இது புது வித்தையும் அல்ல. புளோரிடாவின் சிம்பிள் ஹெல்த் மீது மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2018-லேயே வழக்குப் போட்டது. அரைகுறை பிளான்களை முழுக் காப்பீடு என்று விற்றதற்காக 2024-ல் 195 மில்லியன் டாலர் தீர்ப்பு வந்தது. எங்களுக்கு விற்றவர்கள் அவர்கள் இல்லை, வேறு ஆட்கள். ஒரு கடை மூடினால் பக்கத்தில் இன்னொன்று. அரசாங்கமோ, இதே போல அரைகுறையான குறுகிய கால பிளான்களை நான்கு மாதத்துக்கு மேல் விற்கக் கூடாது என்ற 2024 விதியை அமலாக்குவதில் முனைப்புக் காட்டப் போவதில்லை என்று 2025 ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. மானியத்தை நிறுத்து, காவலையும் தளர்த்து. எந்தக் கட்சிக்காரரும் கோபித்துக்கொள்ளுங்கள், எனக்கு இது அப்படித்தான் தெரிகிறது.

வயிறு எரிவது இதற்குத்தான்: ஒழுங்கான ஏஜென்டாக இருந்திருந்தால் வேறொன்று சொல்லியிருப்பார். 2026-லிருந்து மார்க்கெட் பிளேஸின் எல்லா பிரான்ஸ் (வெண்கலம், சில்வருக்குக் கீழ் ரகம்) பிளானும் ஹெச்எஸ்ஏ என்ற வரிவிலக்குள்ள மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குத் தகுதியானவை. அதில் ஒரு குடும்பம் 2026-க்குப் போடக்கூடிய உச்சவரம்பு 8,750 டாலர். அதைப் போட்டால் கணக்கில் வரும் வருமானம் 132,000-லிருந்து 123,250 ஆகி, 128,600 கோட்டுக்குக் கீழே வந்துவிடும். அப்போது மானியத்தைக் கணக்கிட அளவுகோலாக வைக்கும் பெஞ்ச்மார்க் சில்வருக்கு நாம் கட்ட வேண்டியது வருமானத்தில் 9.96 சதவீதம், மாதம் சுமார் 1,023. 2,180-ல் மீதி 1,157 மானியம். 1,640 டாலர் பிரான்ஸ் பிளான் 483-க்குக் கிடைத்திருக்கும். போலிப் பிளானுக்குக் கட்டியது 589! அந்த பிரான்ஸில் நெட்வொர்க் (பிளானோடு ஒப்பந்தமுள்ள டாக்டர், ஆஸ்பத்திரி) சிகிச்சைக்கு 2026-ல் ஒரு ஆளின் வருடாந்திர உச்சச் செலவு 10,600 டாலருக்கு மேல் போக முடியாது. சட்டம் அப்படி.

விரிவாக ஆலோசனை எழுத உட்கார்ந்தேன். பில்லிங் ஆபீஸ் திரும்ப அழைக்கிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பிளான் பெயரில் பிரான்ஸ், சில்வர், கோல்டு, பிளாட்டினம், கேட்டஸ்ட்ரோஃபிக் என்று எதுவும் இல்லையென்றால் நிறுத்துங்கள். "சம்மரி ஆஃப் பெனிஃபிட்ஸ் அண்ட் கவரேஜ்" என்ற ஆவணத்தைக் கார்டு நம்பர் கொடுக்கும் முன் கேளுங்கள், மழுப்பினால் வேண்டாம். ஏஜென்டின் என்பிஎன் என்ற அடையாள எண்ணை வாங்கி உங்கள் மாநில இன்சூரன்ஸ் துறைத் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

இந்த மாதிரி பிளானில் மாட்டியிருப்பது வருட நடுவில் தெரிந்தால், அதை ரத்து செய்வதை "காப்பீட்டை இழந்தேன்" என்று காட்டி ஸ்பெஷல் என்ரோல்மென்டில் (வருட நடுவில் சேரும் சிறப்பு வாய்ப்பு) நுழைய முடியாது. வேலை போனது, குழந்தை பிறந்தது போல வேறு காரணம் இல்லையென்றால் அடுத்த சேர்க்கைக் காலம் தொடங்கும் நவம்பர் 1 வரை காத்திருக்க வேண்டும். வேலை போனவர்களுக்கு 60 நாள்தான் அவகாசம், அதை இவர்களிடம் பேசித் தொலைக்காதீர்கள்.

ஹெச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருப்பவர்களுக்கு 2027 ஜனவரி முதல் மார்க்கெட் பிளேஸ் மானியமே கிடையாது, 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி. முழு விலைக்கு வாங்கலாம், அவ்வளவுதான். அடுத்த நவம்பரில் தமிழில் பேசும் போன்கள் உங்களுக்குத்தான் வரும்.

பில் வந்துவிட்டதா? ஒவ்வொரு பில்லிங் கோடும் தெரியும்படி ஐட்டமைஸ்டு பில் கேளுங்கள். ஆஸ்பத்திரி லாப நோக்கமற்றதாக இருந்தால் நிதி உதவித் திட்டம் வைத்திருந்தே ஆக வேண்டும். வீட்டுக்கு வந்தபின் வரும் முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை விண்ணப்பத்தை அவர்கள் ஏற்க வேண்டும். வருமான வரம்பு ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாறும், நமக்குக் கிடைக்காது என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். பில்லிங் கவுன்டரில் "வட்டியில்லா மாதத் தவணை" என்று நீட்டும் மெடிக்கல் கிரெடிட் கார்டில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் காசு போய்ச் சேர்ந்துவிடும், கடன் வங்கியிடம் போய்விடும், அப்புறம் உதவித் திட்டம் என்று போய் நின்றால் "எங்களிடம் உங்களுக்குப் பாக்கியே இல்லையே" என்பார்கள்.