எச்டிஎல் எண்ணா, அப்போ ஏ-1 பரிசோதனையா?

யாழ்ப்பாணத்தில் ரத்தக் கொழுப்பைக் காட்டும் லிப்பிட் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் வரியைத்தான். 60க்கு மேல் இருந்தால் வீட்டில் நிம்மதி. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் கூடியிருந்தாலும் "நல்ல கொழுப்பும் இருக்குத்தானே" என்று சொல்லிக் கொழுப்பைக் குறைக்கும் குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். இது உயிரோடு விளையாடும் முடிவு என்பதால்தான் அந்த எண்ணையும் அதற்குப் போட்டியாகச் சொல்லப்படும், எச்டிஎல்லில் உள்ள ஒரு புரதத்தை அளக்கும் அப்போ ஏ-1 (apo A-1) பரிசோதனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

எச்டிஎல் என்பது ரத்தத்தில் கொலஸ்ட்ரோலைச் சுமக்கும் ஒருவகைத் துகள். வழக்கமான எச்டிஎல் எண் காட்டுவது, அந்தத் துகள்கள் சுமக்கும் கொலஸ்ட்ரோலின் அளவை மட்டுமே. ஆனால் எச்டிஎல் துகளின் எடையில் ஏறத்தாழப் பாதி புரதம், வேலையில் பெரும்பகுதியும் அதனுடையதுதான். லொறியில் ஏற்றிய மூட்டைகளை எண்ணிவிட்டுச் சாரதி யார் என்று கேட்காமல் விடுவது போன்ற கணக்கு இது.

அந்தப் புரதத்தில் சுமார் 70 வீதம் அப்போ ஏ-1. கல்லீரலும் குடலும் உருவாக்கும் இது 243 அமினோ அமிலங்கள் கொண்டது. செல்களிலிருந்து கொலஸ்ட்ரோலை வாங்குவதும், அதைத் துகளுக்குள் அடைக்கக்கூடிய எஸ்டர் என்ற வடிவத்துக்கு மாற்றும் எல்கேட் (LCAT) நொதியைத் தூண்டுவதும் இதன் வேலை. அடுத்து வருவது அப்போ ஏ-2. மிச்சம் சிறு சிறு அளவில் பல டசின் புரதங்கள்: ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் பராஒக்சோனேஸ், அப்போ எம், நோயெதிர்ப்போடு தொடர்புள்ள சில. அப்போ எல்-1 என்ற ஒன்று சில ஆபிரிக்க ஒட்டுண்ணிகளையே கொல்லும்! இந்தக் கூட்டம் நிலையானதுமல்ல. கடும் அழற்சி வந்தால் சீரம் அமிலாய்ட் ஏ என்ற புரதம் புகுந்து அப்போ ஏ-1ஐ வெளியே தள்ளும். ஆகவே மாரிகாலக் காய்ச்சல் விட்ட கையோடு லிப்பிட் பரிசோதனைக்குப் போகாதீர்கள், சில கிழமைகள் பொறுங்கள்.

அப்படியானால் அப்போ ஏ-1ஐ நேரே அளப்பது மேலா? ஒரு படி மேல்தான். சாப்பிடாமல் போகவும் தேவையில்லை. ஆனால் ஒரு துகளில் இரண்டு அப்போ ஏ-1 இருக்கலாம், நான்கோ ஐந்தோ இருக்கலாம், அதனால் துகள்களின் எண்ணிக்கை தெரியாது. மற்றப் புரதங்களைப் பற்றியும் அது ஒன்றும் சொல்லாது.

உண்மையில் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது வழி. ஆய்வுகூடத்தில் வளர்த்த செல்களிலிருந்து ஒருவரின் எச்டிஎல் எவ்வளவு கொலஸ்ட்ரோலை வெளியே எடுக்கிறது என்று அளப்பார்கள். 2014இல் வெளியான அமெரிக்க டலஸ் ஆய்வில், இந்தத் திறன் கூடியவர்களுக்கு இதயநோய் குறைவாக வந்தது, அதுவும் எச்டிஎல் எண்ணைக் கணக்கில் எடுத்த பிறகும். ஆனால் இது ஆராய்ச்சிக்கான முறை, சாதாரண ஆய்வுகூடத்தில் கேட்டுப் பெறக்கூடியதல்ல.

எச்டிஎல் அளவை ஏற்றினால் பலன் கிடைக்குமா? டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்டிஎல்லை 70 வீதமளவு கூட்டியது. மருந்து எடுத்தவர்களில் கூடுதலானோர் இறந்ததால் 2006இல் பரிசோதனையையே நிறுத்தினார்கள். அப்போ ஏ-1ஐயே ஊசி வழியாக ஏற்றிய பெரிய ஆய்வும் 2024இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இத்தாலியின் லிமோனே கிராமத்தில் அப்போ ஏ-1இல் ஒரு மாற்றத்தோடு பிறந்த குடும்பங்களுக்கு எச்டிஎல் மிகக் குறைவு, ஆனாலும் இதயநோய் கூடவில்லை. எங்கள் தேங்காயெண்ணெய் விவாதத்திலும் இதே சிக்கல்தான். அது எச்டிஎல்லைக் கொஞ்சம் கூட்டும், உண்மை. எல்டிஎல்லை அதைவிடக் கூட்டும்.

அதனால் என் தேர்வு இரண்டுமில்லை. மேலதிகமாக ஒரு பரிசோதனைக்குக் காசு கொடுக்க முடிந்தால், அப்போ பி (apo B) என்ற புரதத்தை அளக்கக் கேளுங்கள். எல்டிஎல் துகள் ஒவ்வொன்றிலும் அது ஒன்றே ஒன்று இருப்பதால், ரத்தக்குழாயில் படியும் துகள்களின் எண்ணிக்கையே கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். எதுவானாலும் எல்டிஎல் வரியை வைத்தியரிடம் காட்டி, குளிசையைத் தொடருங்கள்.