கான்டெஸாவின் கதவுக்கு ஒரு காந்தப் பட்டை

சாலையில் ஓடும்போது காருக்கு நேரும் சேதத்துக்குக் காரணம் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும். நிறுத்திவைத்த இடத்தில் கதவில் விழும் ஒடுக்குக்கு மட்டும் யாரும் பொறுப்பேற்பதில்லை. பக்கத்துக் காரின் கதவு விளிம்பு ஒருமுறை பட்டாலே தகட்டில் விரல்நுனி அளவுக்குப் பள்ளம் விழுந்துவிடும். பெயின்ட் பெயராமல் இருந்தால் அது நேர்ப்பார்வைக்குத் தெரியாது. பார்க்கிங்கில் எரியும் டியூப்லைட்டின் பிம்பம் அந்த இடத்தில் மட்டும் வளைந்து நெளியும்போதுதான் கண்ணில் படும். இத்தகைய ஒடுக்குகளைத் தடுப்பதற்கென்று விற்கப்படும் காந்தப் பட்டை ஒன்றைப் பல மாதங்களாக என் பழைய கான்டெஸா காரில் பயன்படுத்திவருகிறேன். எதற்கு அது உதவும், எதற்கு உதவாது என்பதை எழுதிவைத்தால் வாங்க நினைப்போருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த கான்டெஸாவுக்கு இன்று புதிய கதவு எந்தக் கடையிலும் கேட்டு வாங்கக்கூடிய பொருளன்று. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினால் கழற்றிய கதவு ஒன்று அகப்படலாம். அதன் அடிப்பாகம் துருவேறியிருக்காது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே இருக்கிற கதவைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் நிறுத்தும் இடமோ அதற்கு ஒத்துழைப்பதில்லை. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் ஒதுக்கச் சொல்கின்றன. கான்டெஸாவின் அகலம் ஏறக்குறைய 1,700 மில்லிமீட்டர். பக்கத்தில் நிற்கும் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 என்னும் பெரிய காரின் அகலம் 1,890. இரண்டும் தத்தம் கட்டத்தின் நட்ட நடுவில் நின்றால்கூட இடையில் எஞ்சுவது எழுபது சென்டிமீட்டர்தான். அந்த இடைவெளியில் கதவைத் திறந்து, கைப்பையோடும் சில நேரம் கைக்குழந்தையோடும் ஒருவர் இறங்கியாக வேண்டும். இறங்குகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய அடுக்குமாடிகளில் தூணுக்கும் தூணுக்கும் நடுவே மூன்று கார்களைச் செருகியிருப்பதையும் பார்க்கிறோம்.

நான் வாங்கிய பட்டை நான்கடி நீளம், சுமார் 15 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் கனம் கொண்டது. உள்ளே ஈவிஏ என்னும் ரப்பர் போன்ற ஃபோம். வெளியே கறுப்புத் துணி உறை. காரைத் தொடும் பக்கத்தில் மென்மையான துணிக்குள் வைத்துத் தைத்த காந்தங்கள். ஒரு முனையில் இரும்புக் கம்பி கோத்த நாடாவும் அதன் நுனியில் ஒரு தடித்த கட்டையும் உள்ளன. கதவைத் திறந்து கட்டையை உள்ளே போட்டுவிட்டுச் சாத்திப் பூட்டினால் பட்டையை வெளியிலிருந்து உருவ முடியாது. ஒரே பொருள் இணையக் கடைகளில் பல பெயர்களில் விற்பனையாவதால், பெயரைவிட இந்த அமைப்பைப் பார்த்து வாங்குவதே நல்லது. ஜோடியாகத்தான் தருகிறார்கள். என் காரின் ஒரு பக்கம் தூண் என்பதால் எனக்கு ஒன்றே போதும். மற்றது டிக்கியில் கிடந்து, கடைவீதிக்குப் போகும்போது மட்டும் வெளியே வருகிறது. முதல்முறை இதை ஒட்டியபோது எங்கள் வாட்ச்மேன் வந்து பார்த்துவிட்டு, “என்ன சார், வண்டிக்கு பெல்ட்டு கட்டுறீங்க?” என்று கேட்டார். தோற்றத்தைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டையின் பயன் முழுவதும் அதை ஒட்டும் உயரத்தில் அடங்கியிருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் வரும் குறிப்புத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்தக் காரின் கதவும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. எங்கே அதிகமாகப் புடைத்திருக்கிறதோ அந்த விளிம்புதான் முதலில் வந்து இடிக்கும். தாழ்வான சிறிய கார்களில் அந்தப் புடைப்பு தரையிலிருந்து முழங்கால் உயரத்தைச் சற்றுத் தாண்டி இருக்கும். எஸ்யூவிகளில் தொடையளவுக்கு ஏறிவிடும். என் காருக்குப் பக்கத்தில் நிற்பது உயரமான வண்டி என்பதால், அதன் உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, கதவை மெதுவாகத் திறக்கச் சொல்லி, விளிம்பு என் கதவை நெருங்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். நான் மனத்தில் வைத்திருந்த உயரத்தைவிட ஒரு சாண் மேலே இருந்தது அந்தக் குறி. பட்டையைக் கதவின் நடுவில் அழகாக ஒட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களின் கார்களில், பட்டைக்கு மேலே புதிய ஒடுக்கு விழுவதற்குக் காரணம் இதுதான்.

நீளவாக்கிலும் இதே கணக்கு உண்டு. இரு கார்களும் ஒரே திசையைப் பார்த்து நின்றால், பக்கத்து வண்டியின் முன்கதவு நம் முன்கதவின் பின்பாதியில் வந்து இடிக்கும். ஒன்று முன்னோக்கியும் மற்றது ரிவர்ஸிலும் நின்றால், அதே முன்கதவு நம் பின்கதவின் முன்பாதியைத் தேடி வரும். ஆகவே இரு கதவுகளும் சந்திக்கும் நடுத்தூணை மையமாக வைத்து ஒட்டினால், நான்கடிப் பட்டை இவ்விரண்டு இடங்களையும் மறைத்துவிடும். பக்கத்து வண்டியின் பின்கதவு இடிக்கும் இடம் அதற்கு வெளியே போய்விடுகிறது. பின்சீட்டில் பிள்ளைகள் ஏறி இறங்கும் வண்டி பக்கத்தில் நின்றால், இரண்டு பட்டைகளையும் ஒரே பக்கத்தில் வரிசையாக ஒட்டுவதே சரி.

காந்தத்தின் பிடி நன்றாகவே இருக்கிறது, ஆனால் அடியில் இரும்புத் தகடு இருக்க வேண்டும். அலுமினியக் கதவு கொண்ட சில உயர்விலைக் கார்களிலும், பிளாஸ்டிக் உடல் கொண்ட மஹிந்திரா ஈ2ஓ போன்ற வண்டிகளிலும் இந்தப் பட்டை நிற்கவே நிற்காது. பழைய கார் வைத்திருப்போருக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எப்போதோ டிங்கரிங் செய்து, பட்டி என்னும் நிரப்புப் பசையைப் பூசி நிரவிய இடத்தில், காந்தத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பட்டியின் கனம் வந்துவிடுவதால் பிடி சட்டென்று தளர்ந்துவிடும். என் காரின் பின்கதவில் ஓரிடத்தில் பட்டை தொய்ந்து நின்றபோதுதான், முந்தைய உரிமையாளர் காலத்தில் அங்கே ஏதோ வேலை நடந்திருப்பது தெரியவந்தது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இந்தப் பட்டையைக் கையோடு எடுத்துச் செல்லலாம் என்று விளையாட்டாகச் சொல்வதுண்டு. உண்மையில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் சிறு காந்தமே அதற்குப் போதும்.

ஃபோமின் தரத்தைக் கட்டைவிரலால் சோதிக்கலாம். நன்றாக அழுத்தினால் பாதியளவு உள்வாங்கி எதிர்த்து நிற்க வேண்டும். விரலுக்கு அடியில் தகடு தட்டுப்பட்டால் அந்த ஃபோம் கதவின் விளிம்பைத் தடுக்காது. கதவு கனமானது, விளிம்போ கூர்மையானது, இடிபடும் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை எட்டினாலே அதிகம். அடி மெதுவாக இறங்கவும் பரவலாக விழவும் இரண்டு சென்டிமீட்டராவது இடம் தேவைப்படுகிறது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஐந்து மில்லிமீட்டர் ஒட்டுப்பட்டைகள் கீறலைத் தடுக்கலாம், ஒடுக்கைத் தடுக்காது. இந்தப் பட்டை அந்த வகையில் தேறிவிட்டது. துணியில் வெள்ளைப் பெயின்ட் தீற்றலாகவும், ஓரிடத்தில் நேர்கோட்டு வெட்டாகவும் அடிவாங்கிய அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நேர் பின்னால் என் கதவுத் தகடு சமமாகவே இருக்கிறது.

இனி, பராமரிப்பு. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் காலையில் துடைத்த காரின் மீது மாலைக்குள் உப்பும் மணலும் படிந்துவிடும். அந்த மணலின் மேலேயே காந்தத்தை ஒட்டினால், பட்டை தடுத்த ஒடுக்கைவிடப் பட்டை போட்ட கீறல்தான் மிஞ்சும். ஒட்டுவதற்கு முன் கதவையும் பட்டையின் உட்பக்கத்தையும் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் துடைப்பது கட்டாயம். ஒட்டிய பிறகு தகட்டின் மேல் இழுத்து நகர்த்தவும் கூடாது; உயர்த்தி எடுத்துத்தான் இடம் மாற்ற வேண்டும். மழைநீர் துணியில் ஊறி நாள்கணக்கில் பெயின்டோடு ஒட்டிக்கிடப்பதும் நல்லதன்று. ஆகவே திறந்தவெளியில் கார் நிறுத்துவோர் மழைக்காலத்தில் இதைத் தவிர்க்கலாம். இவ்வளவும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டிய வேலை. அன்றாடம் அலுவலகத்துக்கு ஓட்டும் காருக்கு இந்தப் பொறுமை யாருக்கும் நீடிக்காது. வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் வெளியே எடுக்கும் காருக்கு இது ஒரு சுமையாகத் தெரிவதில்லை.

இரு சக்கர வாகனங்களிடம் இந்தப் பட்டை தோற்றுவிடுகிறது, அது சிறிய குறையன்று. நம் ஊர் அடுக்குமாடிகளில் இரண்டு கார்களுக்கு நடுவே ஸ்கூட்டரைச் செருகி நிறுத்துவது வழக்கம். அதன் பிரேக் லீவரின் நுனி பட்டைக்கு வெகு மேலே, கதவின் கண்ணாடிக்குச் சற்றுக் கீழே உரசும். அதற்குக் குடியிருப்போர் சங்கத்தில் பேசி ஸ்கூட்டருக்குத் தனி இடம் கேட்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும், கதவு விளிம்பில் மாட்டும் பீடிங் மலிவானது, நல்லதும்கூட. ஆனால் அது நம் கதவின் விளிம்பையும் பக்கத்துக் காரையும்தான் காக்கும், நம் கதவின் நடுப்பகுதியை அன்று. பக்கத்து வண்டிக்கு நாமே அந்த பீடிங்கை வாங்கிப் பரிசளிப்பது விநோதமாகத் தோன்றினாலும், கணக்குப் பார்த்தால் எல்லாவற்றிலும் சிக்கனமான வழி அதுதான். பிபிஎஃப் என்னும் பாதுகாப்புப் படலத்தின் கனம் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். அது கீறலையும் கல் தெறிப்பையும் தாங்கும். அடியில் தகடு உள்வாங்குவதை அதனால் நிறுத்த முடியாது. மறுபெயின்ட் அடித்த பழைய காரில், படலத்தை உரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும் அபாயம் உண்டு. பெயின்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங்குக்கும் ஒடுக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, விற்பனையாளர் என்ன சொன்னாலும் சரி.

ஒடுக்கு விழுந்த பிறகு பெயின்ட் கலையாமல் உள்ளிருந்து கம்பியால் நெம்பி எடுக்கும் முறை இருக்கிறதே என்று கேட்கலாம். புதிய காரின் சமமான பகுதியில் அது அருமையாக வேலை செய்கிறது. பெயின்டில் விரிசல் விழுந்திருந்தாலோ பட்டி பூசிய இடமாக இருந்தாலோ அது உதவாது. காப்பீட்டில் கேட்பதும் பெரும்பாலும் வீண்வேலை. 1,500 சிசிக்கு உட்பட்ட காருக்கு முதல் 1,000 ரூபாயும் அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாயும் நம் பொறுப்பு. அதோடு, ஐந்தாண்டுகள் கோரிக்கையின்றிச் சேர்த்த ஐம்பது சதவீதப் பிரீமியத் தள்ளுபடியும், அதைக் காக்கும் கூடுதல் பாலிசி எடுத்திராவிட்டால், ஒரு சிறிய ஒடுக்குக்காகப் போய்விடும்.

நான் ஜோடிக்குக் கொடுத்த விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மூடிய பார்க்கிங், இரும்புக் கதவு, தினமும் வெளியே எடுக்காத கார் ஆகிய மூன்றும் பொருந்துவோருக்கு அந்த விலை தகும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருவேன். தெருவோரம் நிறுத்துவோருக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. நாடாவுக்குள் கம்பி இருந்தாலும், பட்டையின் துணியையே பிளேடால் அறுப்பவருக்கு அது தடையன்று. வாங்குமுன் நாடாவின் கனத்தையும் பாருங்கள்: கதவு ரப்பருக்கு நடுவே அது தடிமனாகக் கிடந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாக உள்ளே இறங்கும். என்னுடையதில் கம்பி மெலிதாக இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் முனையில் இருக்கும் கட்டை கதவின் உட்பலகையில் உரசாமல் இருக்க, அதன்மேல் ஒரு பழைய சாக்ஸை வெட்டி மாட்டிவைத்திருக்கிறேன்.