கார் கழுவ முதல் செட்: ரெடிமேட் கிட் வாங்கலாமா, தனித்தனியாகச் சேர்க்கலாமா?

ஆன்லைனில் 'ஆல் இன் ஒன்' என்று விற்கும் கார் வாஷ் கிட்டைப் பிரித்தால் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான்: ஷாம்பு, டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ், ஒரு ஸ்பாஞ்சு, மெல்லிசாக ஒரு மைக்ரோஃபைபர் துணி. பாட்டில்கள் பரவாயில்லை. பெயின்ட் மேல் படுகிற ஸ்பாஞ்சும் துணியும்தான் மட்டம். நிறத்துக்கு மேல் கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் கோட்டின் கனம் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. ஸ்பாஞ்சின் தட்டை முகத்தில் மாட்டிய மணல் உள்ளே போக வழியில்லாமல் பானட் முழுக்க இழுபடும். கறுப்பு காரை வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி தெரியும் கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். அதனால் கிட் வேண்டாம், தனித்தனியாகச் சேர்ப்பதே சரி.

பக்கெட்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். வீட்டுக்கு பெயின்ட் அடித்த 20 லிட்டர் காலி பக்கெட் இரண்டு போதும். ஒன்று ஷாம்புக்கு, ஒன்று மிட்டை (கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு கழுவுவது) அலச. அலசும் பக்கெட்டின் அடியில் கிரிட் கார்டு என்ற சல்லடைத் தட்டு போட்டால் மணல் கீழே தங்கிவிடும். வாங்குமுன் பக்கெட்டின் அடி விட்டத்தை அளந்துவிடுங்கள். சின்னதாகிப்போனால் தட்டு ஆடி, அடங்கிய மண்ணையெல்லாம் கிளப்பிவிடும்.

ஸ்பாஞ்சுக்குப் பதில் நூல் நூலாகத் தொங்கும் மைக்ரோஃபைபர் மிட். ஷாம்புவுக்கு மெகுயர்ஸ் கோல்டு கிளாஸ் நம்பி வாங்கலாம். 4 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கணக்கு. 10 லிட்டருக்கு 75 மில்லி. 473 மில்லி பாட்டில் ஆறு தடவை வரும். பாத்திரம் கழுவும் லிக்விட் அழுக்கோடு சேர்த்து வேக்ஸையும் எடுத்துவிடும்.

வேலையை வீலில் தொடங்குங்கள், அதற்குத் தனி பிரஷ், தனித் துணி. பிறகு ஹோஸ் பைப்பால் மேலிருந்து கீழே நன்றாக அடித்து, மண் இறங்கியபின்தான் மிட்டைத் தொட வேண்டும். முதலில் ரூஃப், கடைசியில் கதவின் அடிப்பகுதி. ஒரு பேனல் முடிந்ததும் மிட்டை அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல்.

நம் ஊரில் பாதிப் பிரச்சினை தண்ணீர். போர் தண்ணி பானட்டில் காய்ந்தால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி விழும். வெயிலில் சுட்டுப்போனால் ஷாம்புக்கும் அசையாது. அதனால் காலை ஏழு மணிக்குள், இல்லையென்றால் சாயங்காலம், நிழலில். பானட்டில் புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. ஆர்ஓ மெஷினின் கழிவுத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கார் கழுவுகிறவர்கள் நிறைய. அதில் உப்பு இன்னும் கூடுதல். மாறாக, ஏசி பைப்பில் சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. பக்கெட் வைத்துப் பிடித்து, துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு ஊற்றிப் பாருங்கள், புள்ளி கண்கூடாகக் குறையும்.

துடைக்க 600 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேல் உள்ள பெரிய டவல் ஒன்று அவசியம். லேசாக ஈரப்படுத்திப் பிழிந்துகொண்டால் நன்றாக உறிஞ்சும். பானட்டில் விரித்துப் போட்டு இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுங்கள்; தேய்க்க வேண்டாம். பழைய பனியனும் மஞ்சத் துணியும் இன்ஜின் ரூமுக்குப் போகட்டும். வேக்ஸ் துடைக்க, உள்ளே டேஷ்போர்டு துடைக்க சாஃப்ட்ஸ்பன் 340 ஜிஎஸ்எம் துணி நாலு போதுமானது. லேபிள் தைத்திருந்தால் வெட்டிவிடுங்கள்; அதுவும் கீறும்.

கழுவித் துடைத்தபின் ஒரு பாலிதீன் கவருக்குள் கையை விட்டு பெயின்டைத் தடவுங்கள். நறநறவென்றால் கிளே பார் தேவை, அதாவது பெயின்டில் ஒட்டிய துகளை எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. ஷாம்புத் தண்ணீர் தாராளமாக ஊற்றி, வழுக்கிக்கொண்டே ஓட்ட வேண்டும். தரையில் விழுந்த கிளேயைக் குப்பையில் போடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். வழவழவென்றிருந்தால் கிளே வேண்டியதேயில்லை.

வேக்ஸுக்கு ஃபார்முலா 1 கார்னௌபா, 230 கிராம் டின். புதியவர்கள் செய்யும் தப்பு, அப்பி வைப்பது. மெல்லிசாகப் பூசி, விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சுத்தமாக வந்தால் துடைக்கலாம், இழுபட்டால் இன்னும் காயவில்லை. கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைத் திட்டாக நின்றுவிடும், எனவே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ரப்பிங் காம்பவுண்ட் கிளியர் கோட்டையே தேய்த்து எடுப்பது. கை பழகும்வரை வேண்டாம். பிரஷர் வாஷரும் அவசரமில்லை.

துணிகளை மற்ற உருப்படிகளோடு போடாமல் தனியாக, கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட்டில் துவையுங்கள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் வேண்டாம், நூல் வழவழத்து உறிஞ்சாமல் போகும். வேலைக்கு நடுவில் கீழே விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி பெயின்டில் வைக்காதீர்கள். ஒரு மூலையைக் கத்தரித்து அடையாளம் வைத்து வீலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.