100 ஏ.ஹெச். என்று விற்கப்பட்ட 31 ஏ.ஹெச். பேட்டரி: வீட்டு வானோக்ககம் வைத்திருப்போர் கவனத்திற்கு

காவலூர் வானோக்ககம் இருக்கும் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் என் வீடு இருக்கிறது. மொட்டை மாடியில், தள்ளித் திறக்கும் தகரக் கூரையோடு ஒரு சிறு அறை கட்டி, அதில் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். தொலைநோக்கியைத் திருப்புவது, கேமராவை இயக்குவது, படங்களைச் சேமிப்பது ஆகிய எல்லா வேலைகளையும் தொலைநோக்கி நிற்கும் தூணோடு கட்டிவைத்த ஒரு மினி கணினி பார்த்துக்கொள்கிறது. இரவில் எங்கள் பகுதியில் வோல்டேஜ் ஏறி இறங்கும். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தில் கணினி அணைந்து மறுபடி எழும். அதனால் வீட்டு மின்சாரத்தை நம்பாமல், எல்லாவற்றையும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தவறில்லை. யாரிடம் வாங்கினேன் என்பதில்தான் ஏமாந்தேன்.

சூரிய மின்சாரச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் என் தேவையை எழுதியே கொடுத்தேன். தொலைநோக்கியைத் தாங்கி நகர்த்தும் மோட்டார் அமைப்பான மவுண்ட், கேமராவின் குளிர்விப்பான், கண்ணாடியில் பனி படியாமல் காக்கும் ஹீட்டர் பட்டை, கணினி ஆகியவை சேர்ந்து அதிகபட்சம் 8 ஆம்பியர் இழுக்கும். இரவு முழுவதும் ஓடவேண்டும். பேட்டரி மாடிப்படி அறையில் இருக்கும். அங்கிருந்து தூண் 14 மீட்டர். அதற்கு 100 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி, அதாவது 1 ஆம்பியர் வீதம் 100 மணி நேரம் தரும் கொள்ளளவு) லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கணினிக்கு 12 வோல்ட்டை 19 வோல்ட்டாக உயர்த்தும் கன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து 38,500 ரூபாய் என்றார்கள். ஆள் வந்து பொருத்தியும் கொடுத்தார். ரசீதில் "லித்தியம் பேட்டரி 1, ஒயர் 1 கட்டு, கன்வெர்ட்டர் 1" என்று மட்டுமே எழுதியிருந்ததை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

முதல் சில இரவுகளில் இரண்டு மூன்று மணி நேரமே படம் எடுத்ததால் எந்தக் குறையும் தெரியவில்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில், சிம்ம ராசியில் அருகருகே தெரியும் மூன்று விண்மீன் மண்டலங்களை (கேலக்ஸிகளை) இரவு முழுவதும் படமெடுக்கத் திட்டமிட்டேன். 8 மணிக்கு எல்லாவற்றையும் இயக்கி, 9:30 மணிக்குப் படம் எடுக்கத் தொடங்கி, 11 மணிக்குத் தூங்கப் போனேன்.

அந்த மண்டலங்கள் அந்தச் சமயத்தில் ஏறத்தாழ 1:15 மணிக்கு, வானைக் கிழக்குப் பாதி, மேற்குப் பாதி என்று பிரிக்கும் நடுக்கோட்டைக் கடக்கும். எங்கள் அட்சரேகையில் அவை கடப்பது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே என்பதால், தொலைநோக்கி நெட்டுக்குத்தாக நிற்கும். அதன் கீழ் நுனியில் இருக்கும் கேமரா தூணை ஒட்டி வரும். அந்த நேரத்தில் தொலைநோக்கியைத் தூணின் மறுபக்கம் திருப்பிவிட மவுண்டுக்குக் கட்டளையிட வேண்டியது கணினி. ஆனால் கணினி கடைசியாக எழுதிய பதிவு 12:40 மணிக்கு உரியது. அதன்பின் எந்தப் பதிவும் இல்லை. மவுண்ட் மட்டும் விண்மீனைப் பின்தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. விடியற்காலை 5 மணிக்கு நான் மேலே போனபோது எதிலும் மின்சாரம் இல்லை. கேமரா தூணில் சாய்ந்து அழுந்தியிருந்தது, யு.எஸ்.பி. வடத்தின் முனை பக்கவாட்டில் வளைந்து, கேமராவின் துளை பிளந்திருந்தது. குறிப்பிட்ட இடத்தைத் தாண்டாமல் நிறுத்தும் நகர்வு எல்லையை மவுண்டில் வைக்காமல் விட்டது என் தவறு, அதை மறைக்கவில்லை. ஆனால் கணினி ஏன் அணைந்தது?

மறுநாள் பேட்டரியை நிரப்பி, முழுச் சுமையையும் ஓடவிட்டு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 13.0 வோல்ட், தூணருகே 10.3 வோல்ட். வழியிலேயே 2.7 வோல்ட் போய்விட்டது. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் போக வர 28 மீட்டருக்கு, 8 ஆம்பியரில் முக்கால் வோல்ட்தான் குறையவேண்டும். ஒயரின் மேலுறையில் 6 என்று அச்சிட்டிருந்தது. உறையை உரித்து ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளி நிறம். செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பியைவிட உறைதான் தடிமனாக இருந்தது.

இதில் கணினி முதலில் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. கன்வெர்ட்டருக்குள் வரும் வோல்டேஜ் குறைந்தாலும் கணினிக்குத் தேவையான வாட் குறைவதில்லை என்பதால், கன்வெர்ட்டர் கூடுதல் ஆம்பியரை இழுக்கும். ஆம்பியர் கூடினால் ஒயரில் இழப்பும் கூடும். வோல்டேஜ் இன்னும் சரியும். 10 வோல்ட்டுக்குக் கீழே போனதும் கன்வெர்ட்டர் அணைந்துவிடுகிறது. நள்ளிரவுக்குப் பின் பனி இறங்கி ஹீட்டர் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியதும் இதுதான் நடந்திருக்கிறது. கணினி அணைந்ததும் குளிர்விப்பானும் நின்று சுமை குறைய, வோல்டேஜ் சற்றே எழும்ப, குறைந்த வோல்டேஜையும் தாங்கும் மவுண்ட் தன் பாட்டுக்கு ஓடியது.

பேட்டரி ஏன் விடிவதற்குள் தீர்ந்தது என்பது அடுத்த கேள்வி. மளிகைக் கடைத் தராசில் வைத்தேன்: 5.6 கிலோ. 100 ஏ.ஹெச். கொண்ட ஒற்றைச் செல் ஒன்றே சுமார் 2 கிலோ இருக்கும். நான்கு செல் சேர்ந்தால்தான் 12.8 வோல்ட். அப்படியென்றால் பெட்டி இல்லாமலே 8 கிலோ வரவேண்டும். வண்டி மெக்கானிக்கிடம் ஒரு ஹெட்லைட் பல்பு வாங்கி, 5 ஆம்பியர் சுமையாகப் பூட்டி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 6 மணி 10 நிமிடத்தில் பேட்டரி அணைந்தது. 31 ஏ.ஹெச்.

பெட்டியைத் திறந்தேன். ஆறு ஆறாக இணைத்த 24 உருளைச் செல்கள். ஒவ்வொன்றிலும் 6 ஏ.ஹெச். என்று அச்சு. அவை புதியவையாகவே இருந்தாலும் 36 ஏ.ஹெச்.தான். பல செல்களின் முனையில், பழைய நிக்கல் பட்டையைப் பிய்த்தெடுத்த வடு இரண்டிரண்டு புள்ளியாகத் தெரிந்தது. சிலவற்றில் காய்ந்த பசை அப்படியே ஒட்டியிருந்தது. வேறு எதிலிருந்தோ கழற்றிய செல்கள்.

கடைக்குப் போனபோது, "சார், சீலை உடைச்சிட்டீங்க, வாரண்டி போச்சு" என்றார்கள். 100 ஏ.ஹெச். என்று ரசீதில் எங்கே இருக்கிறது என்றும் கேட்டார்கள். அங்கேதான் வாயடைத்துப் போனேன். நல்லவேளையாக, விலை பேசியபோது அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விவரத்தில் 100 ஏ.ஹெச்., 6 சதுர மில்லிமீட்டர் செம்பு என்ற இரண்டும் இருந்தன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன், கடை பதிலளிக்கவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்தால் போதும்.

இதேபோல் வாங்கவிருப்பவர்கள் கொள்ளளவையும் ஒயரின் உலோகத்தையும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரியை எடை போடுங்கள். சீலை உடைக்கும் முன் பல்புச் சோதனையைத் தொடக்கம் முதல் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் அந்த மூன்றையும் செய்யவில்லை. இப்போது வேறிடத்தில் வாங்கிய பேட்டரி தூணின் அடியிலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. ஒயர் ஒன்றரை மீட்டர்தான், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ். மவுண்டில் எல்லையும் வைத்துவிட்டேன். கேமராவின் துளையை மாற்ற 6,200 ரூபாய் ஆனது. அந்த ரசீதையும், பிரித்தெடுத்த 24 செல்களையும், உரித்த ஒயரில் ஒரு முழத்தையும் விசாரணைக்காகத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.